மரப் புரொப்பெல்லரைப் படிப்பது எப்படி?

முதல் உலகப் போர் பாடத்தை நடத்தும்போது அக்கால விமானங்களின் படங்களை மாணவர்களுக்குக் காட்டுகிறோம். மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்யப்பட்ட அந்த விமானங்களின் மூக்கில் நீளமான ஒரு மரத்துண்டு இருக்கும். அதுதான் புரொப்பெல்லர், அதாவது உந்துவிசிறி. அந்த விமானங்களில் பெரும்பாலானவை எரிந்தும் மக்கியும் மறைந்துவிட்டன. ஆனால் அவற்றின் புரொப்பெல்லர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளிலும் சங்கங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இன்றும் சுவரில் தொங்குகின்றன. 1918இல் போர் முடிந்தபோது கிடங்குகளில் ஏராளமானவை மிஞ்சிக் கிடந்தன. அவை மலிவாக விற்கப்பட்டன. பலர் அவற்றின் நடுவில் கடிகாரத்தைப் பொருத்தி அலங்காரப் பொருளாக வைத்துக்கொண்டார்கள். இறந்த விமானிகளின் கல்லறையில் புரொப்பெல்லர் மரத்தைச் சிலுவையாக நட்டதும் உண்டு.

இப்படிச் சுவரில் தொங்கும் ஒவ்வொன்றோடும் ஒரு கதையும் சேர்ந்தே தொங்கும். "இது போரில் பறந்தது", "இது இன்ன விமானியின் விமானத்தில் இருந்தது" என்பார்கள். கதை உண்மையாகவும் இருக்கலாம், கட்டியதாகவும் இருக்கலாம். மரத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். உற்றுநோக்கல், அளத்தல், ஊகித்தல் என்று அறிவியல் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுக்கும் படிநிலைகள் அனைத்தும் ஒரே பொருளில் வந்து சேர்வதால், இந்தக் கலையை ஆசிரியர்கள் அறிந்துகொள்வது பயன்தரும்.

புரொப்பெல்லர் செய்யும் வேலை

மரையாணியை ஒரு முழுச் சுற்று திருகினால் அது குறிப்பிட்ட தூரம் முன்னேறும். திருகு அளவியைப் பயன்படுத்தும்போது இதையே புரியிடைத் தூரம் என்கிறோம். புரொப்பெல்லரும் காற்றில் திருகிச் செல்லும் ஒரு திருகுதான். ஒரு சுற்றில், காற்று சிறிதும் நழுவாமல் இருந்தால், அது எவ்வளவு தூரம் முன்னேற வேண்டுமோ அதுவே அதன் புரியிடைத் தூரம்.

ஆனால் திருகு என்பது பாதி விளக்கம்தான். புரொப்பெல்லரின் ஒவ்வோர் இறக்கையும் உண்மையில் சுழலும் விமானச் சிறகு என்பதைத் தெளிவாக உணர்ந்து கணக்கிட்டவர்கள் ரைட் சகோதரர்கள். 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் பறக்கவிட்ட விமானத்தில் சுமார் எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு மரப் புரொப்பெல்லர்கள் இருந்தன. ஒரே எஞ்சின் சங்கிலிகள் மூலம் அவற்றை எதிரெதிர்த் திசைகளில் சுழற்றியது.

சிறகைப் போலவே புரொப்பெல்லர் இறக்கைக்கும் ஒரு முகம் வளைந்தும் மறுமுகம் ஏறத்தாழத் தட்டையாகவும் இருக்கும். காற்றை முதலில் கிழிக்கும் முன்விளிம்பு தடித்து உருண்டிருக்கும். பின்விளிம்பு மெலிந்திருக்கும். வளைந்த முகம் விமானம் செல்லும் திசையைப் பார்க்கும்.

இறக்கை ஏன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒரு சுற்றில் நுனி பெரிய வட்டத்தைச் சுற்றி வருகிறது. நடுப்பகுதிக்கு அருகில் உள்ள புள்ளி சிறிய வட்டத்தைத்தான் சுற்றுகிறது. ஆனால் இரண்டும் ஒரே தூரம் முன்னேற வேண்டும். ஆகவே நடுவில் சாய்வு அதிகமாகவும் நுனியில் குறைவாகவும் இருக்கும்.

மரமும் பசையும்

மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுக்கட்டையைக் குடம் என்கிறோம். புரொப்பெல்லரின் நடுப்பகுதியையும் இக்கட்டுரையில் குடம் என்றே குறிப்பிடுவோம். எஞ்சினின் தண்டு இதன் வழியாகத்தான் சுழற்சியைத் தருகிறது.

நல்ல புரொப்பெல்லர் ஒரே மரத்துண்டில் செதுக்கப்படுவதில்லை. பல பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சற்றே விசிறிபோல் திருப்பி அடுக்கி, பிறகே செதுக்குவார்கள். வால்நட், மஹோகனி, ஓக், ஆஷ், பிர்ச் போன்ற மரங்கள் பயன்பட்டன. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குத்தோல் பசைதான் முதல் உலகப் போர்க் காலத்தில் பெரிதும் பயன்பட்ட ஒட்டுப்பொருள்.

அடுக்கி ஒட்டுவதற்குக் காரணங்கள் உண்டு. ஒற்றைப் பலகை ஈரத்தை உறிஞ்சினாலோ காய்ந்தாலோ ஒரே பக்கமாகக் கோணிக்கொள்ளும். பல பலகைகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும். ஒரு பலகையில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்தாலும் மற்றவை தாங்கும். அடுக்கை விசிறிபோல் திருப்பி வைப்பதால் முறுக்கிய இறக்கையைச் செதுக்க மரமும் குறைவாகச் செலவாகும்.

புரொப்பெல்லர் தாங்க வேண்டிய விசை சாதாரணமானதன்று. அமெரிக்காவின் கர்டிஸ் ஓ.எக்ஸ்-5 எஞ்சின் நிமிடத்திற்கு 1400 சுற்றுகளில் 90 குதிரைத்திறன் தந்தது. அதில் 2.4 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரைப் பொருத்தினால் அதன் நுனி நொடிக்குச் சுமார் 176 மீட்டர், அதாவது மணிக்கு 630 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சுழலும். அந்த வேகத்தில் சிறு விரிசலும் ஆபத்தானது. 1908 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் மையரில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தின் ஒரு புரொப்பெல்லர் பறக்கும்போதே பிளந்தது. விமானம் விழுந்தது. உடன் சென்ற லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். எஞ்சின் பொருத்திய விமான விபத்தில் உயிரிழந்த முதல் மனிதர் அவர். பின்னாளைய புரொப்பெல்லர்களின் குடத்தில் ஆய்வாளர் முத்திரைகள் ஏன் குத்தப்பட்டன என்பதை இந்த நிகழ்ச்சியிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில் செய்யக்கூடாதது

பழைய புரொப்பெல்லர் கிடைத்தவுடன் பலரும் செய்வது அதைப் புதிதாக்குவது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசி, பித்தளையைப் பளபளக்க வைத்துவிடுவார்கள். அந்த ஒரு நாள் வேலையில் நூறாண்டுச் சான்று அழிந்துபோகும். குடத்தில் குத்தப்பட்ட எண்கள் சில இடங்களில் நகக்கண் ஆழம்கூட இருப்பதில்லை. இறக்கையில் ஒட்டப்பட்ட நிறுவனச் சின்னம் தாளைவிட மெல்லியது. இரும்பு வளையம் அழுத்திய தடம், எண்ணெய்க் கறை, பழைய வார்னிஷின் நிறம் எல்லாமே படிக்க வேண்டிய பக்கங்கள். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மங்கிய எழுத்துகளைப் படிக்கக் கைவிளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் போதும். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் இலேசாகத் தேய்த்தும் படி எடுக்கலாம். கோயில் கல்வெட்டுகளை மைப்படி எடுப்பதும் இதே எண்ணத்தில்தான்.

இது விமானத்தினுடையதுதானா?

அடுத்த கேள்வி அடிப்படையானது. மரத்தில் இரண்டு இறக்கைகள் இருப்பதாலேயே ஒன்று விமானப் புரொப்பெல்லர் ஆகிவிடாது. 1930களில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் மின்கலங்களை மின்னேற்றச் சிறிய காற்றாலைகளை வைத்திருந்தார்கள். அவற்றின் மர இறக்கைகள் இன்று விமானப் புரொப்பெல்லர் என்ற பெயரில் கைமாறுவது உண்டு. சதுப்பு நிலப் படகுகளின் உந்துவிசிறி, தொழிற்சாலைக் குளிர்விப்பு விசிறி, அலங்காரத்துக்காகவே இன்று செய்யப்படும் பொருள்கள் ஆகியவையும் இப்பட்டியலில் சேரும்.

காற்றாலை இறக்கையைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வளைந்த முகம் மேலே இருக்கும்படி மேசையில் கிடத்துங்கள். தடித்த முன்விளிம்பு உயர்ந்தும் மெல்லிய பின்விளிம்பு மேசையை ஒட்டித் தாழ்ந்தும் இருந்தால் அது காற்றைத் தள்ளும் புரொப்பெல்லர். தடித்த விளிம்பு தாழ்ந்தும் மெல்லிய விளிம்பு உயர்ந்தும் இருந்தால் அது காற்றால் சுழற்றப்படும் காற்றாலை இறக்கை. புரொப்பெல்லர் எஞ்சினின் ஆற்றலைக் காற்றுக்குக் கொடுக்கிறது. காற்றாலை காற்றின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் எதிரெதிர் என்பதால் வளைவும் எதிர்முகத்தில் அமைகிறது.

அலங்காரப் பொருளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குடம்தான். உண்மையான புரொப்பெல்லரின் குடம் தடிமனாக இருக்கும். நடுவில் தண்டுக்கான துளையும், அதைச் சுற்றி வட்டமாகப் பொதுவாக ஆறு அல்லது எட்டு போல்ட்டுத் துளைகளும் இருக்கும். எஞ்சினில் பொருத்தப்பட்டிருந்தால் உலோகத் தட்டு அழுத்திய வட்டத் தடமும் தெரியலாம். அலங்காரப் பொருளில் துளையே இல்லாமலும், இறக்கையில் முறுக்கு பெயரளவுக்கும், அடுக்குக் கோடுகள் வெறும் வண்ணப்பூச்சாகவும் இருப்பதுண்டு. அடுக்கு உண்மையானால் அதன் கோடு ஒரு முகத்தில் தொடங்கி விளிம்பைச் சுற்றி மறுமுகத்துக்குத் தொடர்ந்து செல்லும்.

வளைவாகச் செதுக்கப்பட்ட இறக்கையில் இந்த அடுக்குக் கோடுகள் நிலவரைபடத்தின் சம உயரக் கோடுகளைப் போலவே தெரியும். காரணமும் ஒன்றுதான். சம தடிமன் உள்ள அடுக்குகளை ஒரு வளைபரப்பு வெட்டும்போது உண்டாகும் கோடுகள் அவை. இரு இறக்கைகளிலும் கோடுகள் ஒத்திருந்தால் செதுக்கியவர் அளவு தவறவில்லை என்று பொருள். நிறம் மாறி மாறி வரும் அடுக்குகளும் ஒரு குறிப்புதான். வெளிர் மரத்தையும் கரு மரத்தையும் மாற்றி மாற்றி அடுக்குவது பல ஜெர்மன் புரொப்பெல்லர்களில் காணப்படும் வழக்கம்.

இறக்கை நுனியையும் முன்விளிம்பையும் பாருங்கள். கல், மழைத்துளி, நீர்த்திவலை ஆகியவற்றிலிருந்து காக்கப் பித்தளை அல்லது செம்புத் தகடு போர்த்தி ஆணியோ ரிவெட்டோ அடித்திருப்பார்கள். சிலவற்றில் துணி ஒட்டியிருக்கும். தகட்டின் நுனியில் ஊசித்துளை அளவில் சில துளைகள் இருந்தால் அவை பழுது அல்ல. தகட்டுக்குள் புகுந்த ஈரம் சுழற்சியின்போது வெளியேறுவதற்காகப் போட்டவை. அலங்காரத்துக்குத் தகடு அடிப்பவருக்கு இந்தத் துளை தேவைப்படாது.

அளந்தால் கிடைப்பவை

அளவு நாடா, கோணமானி, ரசமட்டம் ஆகிய மூன்றும் போதும்.

முதலில் விட்டம். ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை அளக்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலப் பயிற்சி விமானமான கர்டிஸ் ஜென்னியின் புரொப்பெல்லர் எட்டு அடியை ஒட்டி இருக்கும். பின்னாளில் வந்த பைப்பர் கப் போன்ற சிறு விமானங்களுக்கு ஆறு அடி போதும். மெதுவாகச் சுழலும் பழைய எஞ்சினுக்குப் பெரிய விட்டமும், வேகமாகச் சுழலும் சிறு எஞ்சினுக்குக் குறைந்த விட்டமும் பொருந்தும்.

அடுத்தது சுழற்சித் திசை. வளைந்த முகம் நம்மைப் பார்க்கும்படி புரொப்பெல்லரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மேல் இறக்கையின் தடித்த விளிம்பு நமக்கு இடப்பக்கம் இருந்தால் அது வலச்சுழற்சி. அதாவது விமானத்தின் பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசையில் சுழலும். தடித்த விளிம்பு வலப்பக்கம் இருந்தால் இடச்சுழற்சி. இந்த ஒரு தகவலே எதிர்த் திசையில் சுழலும் எஞ்சின்கள் பலவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

மூன்றாவது புரியிடைத் தூரம். இங்கே பத்தாம் வகுப்பு முக்கோணவியல் கைகொடுக்கிறது. தட்டை முகம் மேலே இருக்கும்படி, குடம் மட்டமாக அமையக் கிடத்தி, ஆரத்தின் 75 விழுக்காட்டுத் தூரத்தில் அந்த முகத்தின் சாய்வுக் கோணத்தை அளக்க வேண்டும். அந்தப் புள்ளி சுற்றும் வட்டத்தின் சுற்றளவைக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால் புரியிடைத் தூரம் கிடைக்கும்.

உண்மையான எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் சென்சினிக் நிறுவனம் பைப்பர் கப் போன்ற சிறு விமானங்களுக்குச் செய்த மரப் புரொப்பெல்லர் வகைகளுள் ஒன்றின் பெயர் 72சி42. இதில் 72 என்பது விட்டம், 42 என்பது புரியிடைத் தூரம், இரண்டும் அங்குலத்தில். ஆரம் 36 அங்குலம். அதன் 75 விழுக்காடு 27 அங்குலம். அங்கே சுற்றளவு 2 × 3.14 × 27, ஏறத்தாழ 169.6 அங்குலம். 42ஐ 169.6ஆல் வகுத்தால் 0.248. இந்த டேன்ஜென்ட் மதிப்புக்கு உரிய கோணம் ஏறத்தாழ 14 பாகை. இதே கணக்கைப் பாதி ஆரத்தில், அதாவது 18 அங்குலத்தில் செய்தால் ஏறத்தாழ 20 பாகை வரும். இறக்கை ஏன் முறுக்கியிருக்கிறது என்ற கேள்விக்கு எண்ணாலேயே விடை கிடைத்துவிட்டது.

குத்தப்பட்ட எண் தேய்ந்து பாதி மட்டும் தெரியும்போது இக்கணக்கு மிகவும் உதவும். அளந்த மதிப்பும் படித்த எண்ணும் நெருங்கி வந்தால் நம் வாசிப்பு சரி எனக் கொள்ளலாம். இரண்டும் வெகுவாக விலகினால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம், அல்லது மரம் கோணியிருக்கலாம், அல்லது எழுத்தே பிறகு குத்தப்பட்டிருக்கலாம்.

குடத்தில் எழுதியிருப்பவை

குடத்தின் முகத்திலோ பக்கத்திலோ குத்தப்பட்ட எழுத்துகள்தான் நேரடிச் சாட்சி. நாட்டுக்கு நாடு முறை மாறும். பிரிட்டிஷ் புரொப்பெல்லர்களில் வரைபட எண், எஞ்சினின் பெயரும் குதிரைத்திறனும், விட்டத்துக்கு ஆங்கிலத்தின் டி, புரியிடைத் தூரத்துக்குப் பி ஆகியவை காணப்படும். அளவுகள் பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும். அவர்களது விமானப் பொருள் ஆய்வுத் துறையின் ஏ.ஐ.டி. முத்திரையும் இருக்கலாம். ஜெர்மன் புரொப்பெல்லர்களில் குதிரைத்திறனுக்குப் பி.எஸ். என்ற எழுத்துகளும், புரியிடைத் தூரத்துக்கு எஸ்.டி. என்ற எழுத்துகளும் வரும். அளவு சென்டிமீட்டரில் இருக்கும். அமெரிக்கப் புரொப்பெல்லர்களில் அங்குலமும் அடியும் வரும். அலகு எது என்று தெரிந்தாலே நாடு எது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது. அலகு எழுதாத விடைக்கு நாம் மதிப்பெண் குறைப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் மாணவர்களுக்குத் தேவையில்லை.

தயாரித்தவரின் சின்னம் பெரும்பாலும் இறக்கையில் ஒட்டப்பட்டிருக்கும். பிரான்சில் லூசியன் ஷோவியேர் செய்த புரொப்பெல்லர்கள் இன்டக்ரால் என்ற பெயரில் புகழ்பெற்றவை. 1909 ஜூலை 25 அன்று லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தபோது அவரது விமானத்தில் இருந்தது ஷோவியேரின் மரப் புரொப்பெல்லரே. ஜெர்மனியில் ஆக்சியல், வோல்ஃப், ஹைனே போன்ற பெயர்கள் உண்டு. பெர்லினில் இயங்கிய மற்றொரு நிறுவனத்தின் பெயர் நமக்கு வியப்பூட்டும். அது கருடா. திருமாலின் வாகனமான பறவையின் பெயரைத் தாங்கிய புரொப்பெல்லர்கள் முதல் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களை இழுத்துச் சென்றன. இந்தியப் பெயரைப் பார்த்ததும் இந்தியாவில் செய்தது என்று முடிவுகட்டுவது எவ்வளவு எளிது, எவ்வளவு தவறு என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு.

எதுவரை சொல்லலாம்?

இத்தனை சான்றுகள் சேர்ந்த பிறகும் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதில்தான் அடையாளம் காண்பவரின் நேர்மை இருக்கிறது.

குடத்தில் ஓ.எக்ஸ்-5 என்று குத்தியிருந்தால், அந்த எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஜென்னி விமானத்தினுடையது என்று சொல்ல முடியாது. போருக்குப் பின் அந்த எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்ததால் 1920களில் வேக்கோ, டிராவல் ஏர் போன்ற குடிமை விமானங்களிலும் அவை பொருத்தப்பட்டன. ஹிஸ்பானோ-சுயிசா எஞ்சினும் அப்படித்தான். பிரான்சின் ஸ்பாட் விமானத்திலும் பிரிட்டனின் எஸ்.இ.5 விமானத்திலும் அது இருந்தது. புரொப்பெல்லர் எஞ்சினின் பெயரைச் சொல்லும். விமானத்தின் பெயரை வரைபட எண்ணோ வேறு ஆவணமோ இருந்தால்தான் சொல்ல இயலும். விமானியின் பெயரை மரம் ஒருபோதும் சொல்லாது.

"மரம் என்றால் முதல் உலகப் போர்" என்பதும் தவறான ஊகம். 1920களில் உலோகப் புரொப்பெல்லர்கள் வரத் தொடங்கின. உலோகப் புரொப்பெல்லரை உருவாக்கியதற்காக அமெரிக்காவின் ஆல்பர்ட் ரீட் 1925ஆம் ஆண்டின் கோலியர் கோப்பையைப் பெற்றார். ஆற்றல் மிகுந்த எஞ்சின்கள் படிப்படியாக உலோகத்துக்கு மாறின. ஆனால் சிறு விமானங்களில் மரம் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. ஆகவே கையில் இருப்பது 1917ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம், 1945ஆம் ஆண்டினதாகவும் இருக்கலாம். அதேபோல், தேய்மானம் இல்லை என்பதால் போலி என்றும் சொல்லக்கூடாது. கிடங்கில் மிஞ்சி, ஒருமுறைகூடப் பறக்காமல் விற்கப்பட்டவை அவற்றுள் நிறைய.

ஆகவே முடிவை மூன்று தட்டுகளில் வைப்பது நல்லது. கண்ணால் கண்டதும் அளந்ததும் முதல் தட்டு. அவற்றிலிருந்து ஊகித்தது இரண்டாம் தட்டு. பிறர் சொன்ன கதை மூன்றாம் தட்டு. கதையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. "குடும்பத்தார் இவ்வாறு கூறுகின்றனர்" என்று எழுதி வைக்கலாம். அது முதல் தட்டுக்கு மாறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

நம் பள்ளிகளில் பழைய விமானப் புரொப்பெல்லர் கிடைக்காது. ஆனால் இந்தப் பாடத்துக்கு அது கட்டாயமும் இல்லை.

1. தொடக்க வகுப்புகளில் வகுப்பறை மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுழலும்போது முன்னே செல்லும் விளிம்பு எது, அது மேலே உயர்ந்திருக்கிறதா தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பிறகு மின்விசிறியை ஓடவிட்டுத் தங்கள் விடையைச் சரிபார்த்துக்கொள்வார்கள். மின்விசிறியைக் கையால் தொடாமல், கீழிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2. நடுநிலை வகுப்புகளில் இரண்டு நிறக் களிமண்ணைச் சம தடிமன் தகடுகளாகத் தட்டி மாற்றி மாற்றி அடுக்கி, கரண்டிக் காம்பால் வளைவாகச் சீவச் செய்யலாம். சீவிய பரப்பில் சம உயரக் கோடுகள் எழும்பும். சரிவு அதிகமான இடத்தில் கோடுகள் நெருங்குவதையும் குறைவான இடத்தில் விலகுவதையும் மாணவர்களே கண்டு சொல்வார்கள். புவியியல் பாடத்துக்கு இதைவிடச் செலவில்லாத மாதிரி இல்லை.

3. உயர்நிலை வகுப்புகளில் 72சி42 கணக்கைக் கொடுத்து, 9, 18, 27, 36 அங்குல ஆரங்களில் கோணத்தைக் கண்டுபிடித்து வரைபடம் வரையச் சொல்லலாம். முறுக்கு நுனியை நோக்கி எப்படிக் குறைகிறது என்பது வரைபடத்தில் தெரியும்.

4. எல்லா வகுப்புகளுக்கும் பொருந்துவது பொருள் அட்டை. வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றை, படியோ எடைக்கல்லோ தையல் இயந்திரமோ பூட்டோ, மாணவர் தேர்ந்தெடுக்கட்டும். அட்டையில் "கண்டது", "அளந்தது", "ஊகித்தது", "கேட்டது" என நான்கு கட்டங்கள். எடைக்கல்லில் அரசு முத்திரையும், தையல் இயந்திரத்தில் வரிசை எண்ணும் இருக்கக்கூடும். அவற்றைத் தாளில் தேய்த்துப் படி எடுத்து அட்டையோடு ஒட்டலாம். பொருளைக் கழுவியோ தேய்த்தோ கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அட்டைகளைத் திருத்தும்போது "ஊகித்தது" கட்டத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் "கண்டது" அல்லது "அளந்தது" கட்டத்தில் சான்று இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் மதிப்பெண் தருவோம். இல்லாவிட்டால் அந்த வரியை அடிக்காமல் "கேட்டது" கட்டத்துக்கு மாற்றி எழுதச் சொல்வோம். பரவிவரும் எந்தச் செய்தியையும் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று யோசிக்கும் பழக்கம் இந்த அட்டையிலிருந்தே தொடங்கலாம்.